போடியில் காணாமல் போன புழுக்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போடிநாயக்கனூர் முழுவதும் ஒன்றுகூடிச் சதி செய்து, என்னிடமிருந்து இரண்டு கைப்பிடிப் புழுக்களைத் திருடிவிட்டது என்று நான் நம்பினேன். ஊர் முழுவதும் என்றால் ஒருவர் பாக்கியில்லாமல்: லாட்ஜ் முதலாளி, ஜீப் டிரைவர், டீக்கடைக்காரர், மலைமேல் எனக்குச் சோறு போட்ட எஸ்டேட் மேனேஜர், அடிவாரத்தில் எனக்கு மோர் கொடுத்த விவசாயி. ஒரு கட்டத்தில் லாட்ஜ் வாசலில் படுத்திருந்த நாயின் மேலும் சந்தேகம் விழுந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நான் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். வயது நாற்பதைத் தாண்டி, ஐம்பதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலம்; எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊரில் மலை என்றால் வைக்கோல் போர்தான். அதற்குமேல் உயரமான எதன்மீதும் நான் ஏறியதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் நண்பன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால், அவனுக்குப் பதிலாகப் போடிக்குப் போக வேண்டியதாயிற்று.

"நீ புழுவைத் தொடுவாய்தானே?" என்று மட்டும் கேட்டான். தொடுவேன் என்றேன். அதோடு என் தகுதி பற்றிய விசாரணை முடிந்தது.

விஷயம் இதுதான். ஏலச்செடியின் தண்டையும் காயையும் துளைக்கிற ஒரு புழு இருக்கிறது. வளர்ந்தால் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த சின்ன அந்துப்பூச்சியாகிப் பறக்கும். அடிவாரத்தில் ஆமணக்குக் காயைத் துளைக்கிற புழுவும் பார்வைக்கு அச்சு அசல் அதேதான். பூச்சியும் அதே மஞ்சள், அதே புள்ளி. 'உங்கள் ஆமணக்கில் பிறந்து எங்கள் ஏலத்தைத் தின்ன வருகிறது, ஆமணக்கை வெட்டுங்கள்' என்கிறார்கள் மலைக்காரர்கள். 'எங்கள் புழு எங்களோடு இருக்கிறது, உங்கள் புழுவை நீங்கள் பாருங்கள்' என்கிறார்கள் அடிவாரத்துக்காரர்கள். யார் சொல்வது சரி என்று புழுவைத்தான் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவன் என் நண்பன்.

அவன் கேட்கிற முறை கொஞ்சம் கொடூரமானது. புழுவை அரைத்துச் சாறெடுத்து, மாவைக் காய்ச்சி உறைய வைத்த ஒரு பாளத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவான். சாற்றில் உள்ள புரதங்கள் கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். இரண்டு கூட்டமும் கலந்து வாழ்கிறது என்றால் கோடுகளும் ஒன்றுபோல இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கலக்கவே இல்லை என்றால் கோடுகள் விலகி விலகி நிற்கும். என் பாஷையில் சொன்னால், மலைப் புழுவும் அடிவாரப் புழுவும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறதா இல்லையா? கேள்வி அவ்வளவுதான். நிபந்தனை ஒன்று: புழு உயிரோடு வந்து சேர வேண்டும். செத்த புழு சாட்சி சொல்லாது.

மதுரையிலிருந்து வந்த சின்ன ரயில் என்னைப் போடியில் இறக்கிவிட்டபோது, ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்தவர் சீனிச்சாமி. அடிவாரத்துச் சிலமலை கிராமத்தில் ஆமணக்குப் போட்டிருப்பவர். ஒல்லியான ஆள், பெரிய மீசை. அடிவாரத்துக்காரர்கள் சார்பில் எனக்குத் துணையாக வந்திருந்தார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என்னை முதலில் மடக்கிவிட வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"சாருக்கு தங்கராசு லாட்ஜில ரூமு சொல்லியிருக்கேன். நல்ல எடம். எங்க வீட்டம்மா பேச்சியம்மா அங்கதான் கீழ காய் பொறுக்குது."

லாட்ஜின் மாடியில்தான் அறைகள். கீழ்த்தளம் பூராவும் ஏலக்காய். முதலாளி தங்கராசு ஏலக்காய்த் தரகர். லாட்ஜ் அவருக்கு ஓய்வு நேரத் தொழில். கூடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, பெரிது சிறிது, பச்சை வெளிறல் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் எனக்குத் தும்மல் வந்தது. நான் தும்மியதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்: இந்த ஊர் என்னைக் கவனிக்கிறது.

எதிர்க் கடையில் டீ குடித்தேன். அதில் இஞ்சிதான் இருந்தது. உலகத்துக்கே ஏலக்காய் அனுப்பும் ஊரில் டீயில் ஒரு காயைத் தட்டிப் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"இங்க ஏலக்கா விக்கிறதுக்கு சாரு. குடிக்கிறதுக்கு இல்ல" என்றார் கடைக்காரர். அப்புறம், "சாரு மாதிரி கொண்டாந்திருக்கீகளா?" என்றார்.

மாதிரி என்பது விலை பேசுவதற்காகக் கொண்டுவரும் கொஞ்சம் காய். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் பையில் இருந்த தகர டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் கழுவினார்.

மறுநாள் காலை சிலமலை. சீனிச்சாமியின் காடு ஊருக்கு மேற்கே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலை ஆள்மேல் சரிந்து விழுவதுபோல நின்றது. மழையை மட்டும் நம்பிய சரளை நிலம். தஞ்சாவூர்க்காரன் கண்ணுக்கு அதில் ஏதாவது முளைப்பதே மோசடியாகத் தெரிந்தது. ஆனால் ஆமணக்கு முளைத்திருந்தது. ஆள் உயரத்துக்கு நின்று, குலை குலையாய்க் காய்த்திருந்தது.

"போன வருசம் கடல போட்டேன், கருகிப் போச்சு. அதுக்கு முந்தின வருசம் சோளம். அதுவும் போச்சு. இது ஒண்ணுதேன் நிக்கிது" என்றார் சீனிச்சாமி. "வர்ற வெள்ளிக்கிழம தங்கராசு லாட்ஜில கூட்டம். ரெண்டு பக்கத்துப் புழுவும் ஒங்க கையில இருக்குன்னு எல்லாருக்கும் காட்டணும். காட்டிட்டா, ஒங்க ஆளு முடிவு சொல்ற வரைக்கும் பொறுக்குறோம்னு மலைக்காரக சொல்லியிருக்காக. காட்டலேன்னா மறுநாளே வெட்டணுமாம். பெரியவுக எல்லாம் சேந்து பேசி முடிச்சது. நான் ஒருத்தன் மாட்டேன்னா முடியுமா?"

துளை விழுந்த காய்களை நான் பறித்து டப்பாவில் போட, அவர் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். பிடித்தாரே தவிர உள்ளே பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாரு, இந்தப் பூச்சி எம்புட்டுத் தூரம் பறக்கும்?"

"தெரியவில்லை. காற்று இருந்தால் வெகுதூரம் போகலாம்."

"அம்புட்டு உசரம் ஏறுமா?"

கொஞ்ச நேரம் கழித்து வேறு விதமாக அதையே கேட்டார். அவர் வீட்டில் கம்மங்கூழும் மோர் மிளகாயும் சாப்பிடும்போது மூன்றாவது முறை கேட்டார். எனக்குள் இருந்த துப்பறிவாளர் எழுந்து உட்கார்ந்தார். குற்றம் செய்தவன்தான் தூரத்தை அளப்பான். கூழைக் குடித்துக்கொண்டே அவர் முகத்தைக் கவனித்தேன். அவர் என் டம்ளரைக் கவனித்து மோர் ஊற்றினார். இதுவும் சந்தேகத்துக்குரியதே.

அடுத்த நாள் மலை. ஏறியது ஒரு ஜீப்பில். ஜீப் என்பது சில பேர் உட்கார்ந்து போகிற வண்டி என்று நான் நினைத்திருந்தேன். காய் பறிக்கப் போகும் பெண்களை ஏற்றியது, அப்புறம் அரிசி மூட்டையை ஏற்றியது, அப்புறம் ஒரு சேவலை ஏற்றியது, அப்புறம் என்னை ஏற்றியது. டிரைவர் தன் கதவுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினார். உள்ளே அவருக்கு இடமில்லை.

வளைவுகளில் ஒன்றில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. ஒரு பெண் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. போடி ஊர் உள்ளங்கை அளவு தெரிந்தது. என் ஆயுள்ரேகை அதைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

"டிரைவரண்ணே, இந்த சாரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. வெரசாத் தண்ணிய ஊத்துங்க" என்றார் கல் வைத்தவர்.

"ரேடியேட்டருக்கா, அவருக்கா ஆத்தா?" என்றார் டிரைவர்.

ஜீப்பே சிரித்தது. சேவலும் கூவியது. வண்டியை வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறார்கள், நான் மலைக்குப் போய்ச் சேரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என்று நான் முடிவுகட்டி முடிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

எஸ்டேட் மேனேஜர் வர்கீஸ் மலையாளத்துக்காரர். கனத்த உடம்பு, கம்பளித் தொப்பி, கையில் எப்போதும் பால் விடாத, சூடான கட்டன் சாயா. தமிழ் நன்றாகவே பேசினார். கோபம் வந்தால் மட்டும் மலையாளம் எல்லை தாண்டி உள்ளே வரும். மரங்களுக்கடியில், ஈர நிழலில், ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. அவர் ஒரு தண்டைப் பிளந்து காட்டினார். உள்ளே சாறு உறிஞ்சப்பட்டு, துளையின் வாயில் ஈரமான மரத்தூள்போலப் புழுவின் எச்சம் தள்ளிக் கிடந்தது.

"கண்டோ சாரே? நான் எத்தனை மருந்து அடிச்சாலும் இது வருது. எங்கேர்ந்து வருது? தாழெ ஆமணக்கு. நான் பகைக்குச் சொல்லலை. வீடு பத்தி எரியுது, பக்கத்து வீட்டு அடுப்பை அணைன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.

மதியம் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். எங்கள் பக்கத்தில் கிழங்கை உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாகக்கூட மதிக்கமாட்டார்கள். அன்று நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவப் போனபோது அடுக்களையில் வர்கீஸ் சமையல்காரரிடம் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தமிழில் சொன்னால் இப்படி: "அந்த ஆளுக்கு இன்னும் கொஞ்சம் மீன் வை. வெள்ளிக்கிழமை நமக்காக நிற்க வேண்டியவன்."

ஆகா! பலியாட்டுக்கு இலை போடுகிறார்கள் என்று தெரிந்தும் நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மீன் நன்றாக இருந்தது.

துளை விழுந்த பச்சை ஏலக்காய்களை, உள்ளே புழு இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். வழியில் புழுக்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று நல்ல காய்களையும் பறித்து அதே டப்பாக்களில் நிரப்பினேன், புழுக்களுக்குக் கட்டுச்சோறு. மூடிக்குப் பதிலாக மெல்லிய துணி கட்டினேன். அன்று அங்கேயே தங்கி மறுநாள் இறங்கினேன்.

மாநில எல்லையான போடிமெட்டில், சோதனைச் சாவடியில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஏலக்காய் டப்பாக்களைக் கண்டதும் காவலாளியின் முகம் மலர்ந்தது. துணியை விலக்கினார். ஒரு புழு தலையை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"ஏலக்கா கடத்துறவனப் பாத்திருக்கேன். பூச்சி கடத்துறவன இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்று சொல்லி, வேறு இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டி, அப்புறம்தான் விட்டார்.

அங்கிருந்து ஒருவர் என்னைப் பின்தொடர்ந்தார். தோளில் சிவப்புத் துண்டு போட்ட வயதான ஆள். நான் பஸ்சில் ஏறினால் ஏறினார். போடியில் இறங்கினால் இறங்கினார். வேகமாக நடந்தேன், அவரும் நடந்தார். லாட்ஜ் சந்தில் என் பக்கத்தில் வந்து, துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்குள்ளே என் விரல்களைப் பிடித்தார்.

என் உயிர் எந்த வழியாக வெளியே போவது என்று யோசித்தது. அவர் என் சுண்டுவிரலை அமுக்கினார். அப்புறம் இரண்டு விரலைச் சேர்த்து அமுக்கினார். கண்ணைச் சிமிட்டினார்.

"என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் என்னைவிட அதிகமாகப் பயந்து துண்டை உருவிக்கொண்டார். "வெல கேட்டேன்யா! பிடிக்கலேன்னா இல்லேன்னு சொல்லும். ஊரக் கூட்டுறீரே?" என்று திட்டிக்கொண்டே போனார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற பழைய தரகராம் அவர். கையில் டப்பாவோடு மலையிலிருந்து இறங்குகிறவன் விலை பேச மாதிரிக் காய்தான் கொண்டுவருகிறான், அதைத் தவிர வேறு எதற்காகவும் ஒருவன் டப்பாவோடு இறங்கமாட்டான், என்பது இந்த ஊர்க் கணக்கு. இதைத் தங்கராசு எனக்கு விளக்கிச் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு, அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாமல் மாடிக்குப் போனேன்.

என் அறையில் எலி இருந்தது. அதனால் ஆமணக்கு டப்பாக்களையும் ஏல டப்பாக்களையும் கீழ்த்தளத்தில், காய் பொறுக்கும் கூடத்து ஓரப் பலகையில் வைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் ராசிங்காபுரம் போனேன். அங்கேயும் ஆமணக்கு, அங்கேயும் புழு, அங்கேயும் "எம்புட்டுத் தூரம் பறக்கும்?" சாயங்காலம் களைத்து வந்து நேரே படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டத்துக்கு முன்னால் டப்பாக்களைத் திறந்தேன்.

ஆமணக்கு டப்பாக்களில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஏல டப்பாக்களில் புழு இல்லை. புழு மட்டுமா, துளை விழுந்த காய் ஒன்றுகூட இல்லை. எச்சம் இல்லை, தூசி இல்லை. துடைத்து வைத்ததுபோலப் பளபளவென்று, ஒரே அளவில், பச்சைப் பசேலென்று காய்கள். என் வாழ்நாளில் அத்தனை அழகான ஏலக்காயை நான் பார்த்ததில்லை.

சாதாரணத் திருடன் எடுத்துக்கொண்டு போவான். எடுத்துவிட்டுப் பாக்கியை அழகுபடுத்திவிட்டுப் போகிறவன் எப்படிப்பட்டவன்? என் மூளை அதற்கு உடனே ஒரு பதில் கண்டுபிடித்தது: இது லஞ்சம்! புழுவை எடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொள் என்று நல்ல காயை வைத்திருக்கிறார்கள்.

யார்? முதலில் வர்கீஸ். புழு இல்லையென்றால் நாளையே ஆமணக்கு வெட்டப்படும். மீன் குழம்புக்கு அர்த்தம் இப்போது புரிந்தது. பல் துலக்கும்போது சீனிச்சாமியாக மாறியது. சோதனை நடந்தால் தன் புழுதான் குற்றவாளி என்று தெரிந்துவிடுமே என்று பயந்தவர். தூரத்தை மூன்று தடவை அளந்தவர். அவர் சம்சாரமே கீழே உட்கார்ந்திருக்கிறார்! சட்டைப் பொத்தான் போடும்போது தங்கராசு. யார் என் டப்பாவைத் தொட்டது என்று அவரைக் கேட்டதற்கு, கணக்குப் பார்த்துக்கொண்டே, "யாரு தொடப் போறா? வெச்ச எடத்துலயேதான இருக்கு" என்றார். அந்த அலட்சியம்!

கூடத்து வாசலில் நின்று பார்த்தேன். பேச்சியம்மா சொளகோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் டப்பாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன துணிச்சல்! மனதுக்குள் வழக்கை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டேன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். துப்பறிகிறவன் கேட்கமாட்டான், கூட்டத்தில் வைத்துப் போட்டு உடைப்பான்.

கூட்டம் அதே கூடத்தின் முன்பக்கத்தில். ஒரு பக்கம் வர்கீஸும் எஸ்டேட்காரர்களும். எதிர்ப்பக்கம் சீனிச்சாமியும் சிலமலை, ராசிங்காபுரம் விவசாயிகளும். நடுவில், இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவரான தங்கராசு. காலுக்கடியில் சிதறிக் கிடந்த காய்கள் நொறுங்கி மணத்துக்கொண்டிருந்தன.

நான் எழுந்தேன். டப்பாவைக் கவிழ்த்தேன். அழகான காய்கள் மேசையில் உருண்டன.

"நான் புழு வைத்தேன். யாரோ ஏலக்காய் வைத்திருக்கிறார்கள்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "மலைப் புழுவைத் திருடியவர் இந்த அறையில்தான் இருக்கிறார்."

நான் எதிர்பார்த்தது, ஒருவர் முகம் வெளுக்கும், அவரைப் பிடித்துவிடலாம் என்று. நடந்தது வேறு. வர்கீஸ் நாற்காலி கீழே விழ எழுந்தார்.

"கண்டோ! கண்டோ! சாரோட டப்பா இருந்தது எவிடெ? இவிடெ. இங்கே காய் பொறுக்குறது யாரு? தாழத்துப் பெண்ணுங்க. இனி என்ன காத்திருக்கிறது? நாளைக்கே வெட்டணும்!"

"ஏன்யா, எங்க பொம்பளைகளத் திருடிங்கிறியா?" என்று ஒரு ராசிங்காபுரத்துக்காரர் துண்டை உதறி எழுந்தார்.

"உக்காருங்க மாப்ளே, உக்காருங்க. மேனேஜர் சாரு, நீங்களும் உக்காருங்க" என்று தங்கராசு இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் உட்காரவில்லை.

சீனிச்சாமி மட்டும் எழவில்லை. மேசையில் உருண்ட காய்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தவில்லை. "அப்ப புழு இல்லையா சாரு?" என்று மட்டும் கேட்டார். "அப்ப நாளைக்கு வெட்டணும்."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் இருந்த துப்பறிவாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் பேச்சியம்மா சொளகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"என்னா அங்க சத்தம்? யாரு எதத் திருடுனா? அந்தக் காயப் பொறுக்குனது நாந்தேன்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்னா எல்லாரும் முழிக்கிறீக? இங்க தங்குறவுக கொண்டார்ற மாதிரிக் காய இந்தப் பலகையிலதான வப்பாக? வச்சா நாங்க சுத்தம் பண்ணிக் குடுக்குறது வழக்கந்தான? இவரு வெளியூரு. பச்சக் காயா இருந்துச்சு, பச்சக்காய் யாவாரம் போலன்னு நெனச்சேன். தொறந்து பாத்தா பாதிக்குப் பாதி ஓட்டக் காயி! இதக் கொண்டு போயிக் காட்டுனா எவன் வெல கேப்பான்? பாவம், படிச்ச மனுசன், யாவாரம் தெரியல போலன்னு, ஓட்டையப் பூராம் பொறுக்கிட்டு நல்லதத் தொடச்சு வச்சேன். காலையில சிரிச்சனே சாரு, ஒரு வார்த்த சொன்னீகளா?"

தங்கராசு நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்னைக் கேட்டப்ப, காயைக் காணோம்னுல்ல நெனச்சேன்! காய்தான் இருந்துச்சே!"

நான் செய்த வேலை எனக்கு மெல்ல விளங்கியது. விருந்தாளிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, அவர்களுடைய கட்டுச்சோற்றை எனக்குப் பத்திரமாகத் துடைத்து வைத்திருக்கிறார் இந்த அம்மா.

"பொறுக்கியதை எங்கே போட்டீர்கள்?" என்றேன்.

"போடுறதா? தள்ளுக் காயும் காய்க்காரருக்குத்தான சொந்தம்? மசாலாவுக்கு ஆகும். ஒரு காய் விடாம முடிஞ்சு வச்சிருக்கேன். எம்மேல திருட்டுப் பட்டமா கட்டுறீக? இருங்க, கொண்டார்றேன்."

போய், ஓரப் பலகைக்கடியிலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். என் பெயர் தெரியாததால் முடிச்சில் அடையாளத்துக்கு ஒரு நீல நூல் சுற்றியிருந்தார். துணியில் இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை. ஒரு ஓட்டையிலிருந்து, சோதனைச் சாவடியில் ஆட்டியதே, அதேபோல ஒரு தலை வெளியே வந்து இப்படியும் அப்படியும் ஆட்டியது. வாழ்க்கையில் வேறு எந்தத் தலையையும் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வர்கீஸ் முடிச்சை அவிழ்த்து, காய்களைக் கிளறி, ஒன்றைப் பிளந்து பார்த்தார். உள்ளே புழு.

"என் தோட்டத்துக் காய்தான். எனக்குத் தெரியாதா?" என்றார். விழுந்த நாற்காலியைத் தானே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பேச்சியம்மாவைச் சகோதரியாக்கி, "பெங்ஙளே, க்ஷமிக்கணும்" என்று மன்னிப்புக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். துணிய ஓட்ட போட்டுருச்சே ஒங்க புழு, அதுக்கு என்னா சொல்றீக?" என்றார் பேச்சியம்மா.

முடிவு வரும்வரை ஆமணக்கில் யாரும் கை வைப்பதில்லை என்று ஆயிற்று. புழுக்களோடு அன்றைக்கே ரயில் ஏறினேன். வழியனுப்ப சீனிச்சாமி வந்தார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

காமாலை தெளிந்த நண்பன் புழுக்களை அரைத்தான், மாவுப் பாளத்தில் ஓடவிட்டான், பார்த்தான். மறுபடியும் ஒருமுறை செய்து பார்த்தான். "இரண்டு கூட்டத்துக்கும் கொள்வினை கொடுப்பினை இருக்கிற மாதிரியே தெரியவில்லை" என்றான். "ஆமணக்குப் புழு தனி, ஏலப் புழு தனி. இந்தக் கொஞ்சப் புழுவை வைத்துக்கொண்டு இதற்குமேல் நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் இதை நம்பி ஒருத்தன் காட்டை வெட்டச் சொல்லவும் மாட்டேன்."

நானே மறுபடியும் போய்ச் சொன்னேன். முதலில் மலைக்கு. வர்கீஸ் கட்டன் சாயாவைக் கீழே வைத்தார். "அப்போ நம்ம புழு நம்ம தோட்டத்திலேயே வளருது" என்றார். துளை விழுந்த தண்டுகளை அறுத்து அழிக்க மறுநாளே ஆள் போட்டார். எனக்கு அன்றும் மீன் குழம்பு உண்டு. இந்த முறை எந்தக் காரணமும் தேடாமல் சாப்பிட்டேன்.

பிறகு சிலமலை. சீனிச்சாமி காட்டில் நின்றிருந்தார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எனக்கே சந்தேகமாத்தேன் இருந்துச்சு சாரு" என்றார். "அந்தி நேரத்துல மஞ்சப் பூச்சி இங்கிட்டிருந்து மேற்கால பறக்கும். நானே கண்ணால பாப்பேன். நாமதேன் அவுக தோட்டத்தக் கெடுக்குறோமோன்னு இருக்கும். வீட்டுல கூடச் சொல்லல. கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சத்தம் போடல பாத்தீகளா, அதேன்."

பேச்சியம்மா வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். "சாரு, இந்தத் தடவ டப்பாவுல என்னா?"

டப்பாவைத் திறந்து காட்டினேன். கும்பகோணத்து வெற்றிலை. ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.

அந்த ஆண்டு சிலமலையில் ஆமணக்கு வெட்டப்படவில்லை. என் புழுக்களை யாரும் திருடவும் இல்லை. நான் திருடனைத் தேடிய நேரமெல்லாம் அவை அதே பலகைக்கடியில், பேச்சியம்மாவின் நீல நூல் சுற்றிய முடிச்சில், ஏலக்காயைத் தின்றுகொண்டிருந்தன.